விரல் தொட முடியாத துணியை வீடியோவில் எப்படி விற்பது?

கேள்வி: அக்கா, எனக்கு ஊர் மருதமுனை, இலங்கையின் கிழக்குக் கரை. வாப்பாவிடம் ஆறு கைத்தறி இருக்கிறது. சாறனும் சேலையும் நெய்கிறோம். இவ்வளவு காலமும் வெளியூர் வியாபாரிகளுக்கு மொத்தமாகக் கொடுத்தோம். அவர்கள் வைத்ததுதான் விலை. இனி நாங்களே பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் நேரடியாக விற்க நினைக்கிறோம். அதற்கு ஒரு விளம்பர வீடியோ வேண்டும். ஒரு ஸ்டூடியோவில் கேட்டால், ட்ரோன் எல்லாம் சேர்த்து 3 நிமிட வீடியோவுக்கு 150,000 ரூபாய் என்கிறார்கள். கையில் இருப்பது 40,000. ஆட்கள் என்றால் ராத்தாவும் நானும்தான். போன் மூன்று வருடம் பழசு. கடலையும் ஊரையும் மேலிருந்து காட்டி, சுனாமியில் தறிகளை இழந்து மீண்ட கதையோடு தொடங்க ஆசை. மிச்சக் காசைக் கடன் வாங்கிச் செய்யலாமா, பெருநாள் வியாபாரம் முடியும் வரை பொறுக்கலாமா?

பதில்:

தம்பி, கடன் வாங்க வேண்டாம். பெருநாள் முடியும் வரை பொறுக்கவும் வேண்டாம். உங்களிடம் இருக்கிற 40,000 ரூபாயும், பழைய போனும், ராத்தாவும் இந்த வேலைக்குக் காணும். ஸ்டூடியோக்காரர் கேட்டது அநியாய விலை என்று சொல்ல மாட்டேன். ஆட்கூலி, ட்ரோன், எடிட்டிங் என்று அவர்களுக்கும் செலவு இருக்கிறது. ஆனால் அந்த 3 நிமிட வீடியோ உங்கள் துணியை விற்றுத் தராது.

ஏதாவது ஒரு புடவைக் கடையில் பத்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். சேலை வாங்க வருகிற பெண் என்ன செய்கிறாள்? துணியைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து உரசிப் பார்ப்பாள். விரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, எவ்வளவு ஊடுருவித் தெரிகிறது என்று பார்ப்பாள். ஓரத்தைத் திருப்பிப் பார்ப்பாள். ஒரு முனையைக் கைக்குள் கசக்கி, விட்டு, சுருக்கம் நிற்கிறதா என்று பார்ப்பாள். பிறகு தோளில் போட்டுக் கண்ணாடி முன் நிற்பாள். கடைசியாக, சாயம் போகுமா என்று கேட்பாள்.

போனில் பார்க்கிறவருக்கு அந்த விரல் இல்லை. அந்த விரலின் வேலையை உங்கள் வீடியோ செய்ய வேண்டும். நான் கீழே சொல்லப் போகிற எல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்து வருவதுதான். ட்ரோன் படத்தில் கடல் வடிவாக இருக்கும், ஆனால் துணியின் கனம் தெரியாது. போதாததற்கு ட்ரோன் பறக்கவிட சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையில் பதிவும் அனுமதியும் வேண்டும். அந்த அலைச்சல் உங்களுக்கு இப்போது தேவையில்லை.

அதனால் 3 நிமிட வீடியோ ஒன்றை மறந்துவிட்டு, 20 முதல் 40 விநாடி வரையான வீடியோ எட்டு, பத்து என்று யோசியுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கேள்விக்குப் பதில். உரசினால் எப்படி இருக்கும்? வெளிச்சத்துக்குப் பிடித்தால் தெரியுமா? கைத்தறி என்று எப்படி நம்புவது? தோய்த்தால் என்ன ஆகும்? உடுத்தால் எப்படி விழும்? இரண்டு நாள் எடுத்தால் இவ்வளவும் முடிந்துவிடும். வாரம் இரண்டாகப் போட்டால் ஒரு மாதமளவுக்கு வரும். ஒன்று சரிவராவிட்டால் அடுத்தது இருக்கிறது. கடன் வாங்கி ஒரே வீடியோவில் எல்லாக் காசையும் போட்டவருக்கு அந்த வசதி இல்லை.

இப்போது வெளிச்சம். நெசவின் இழை கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால் வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து வர வேண்டும். நேர் முன்னால் இருந்து விழுந்தால் துணி தாள் மாதிரித் தட்டையாகிவிடும். தறிக்கொட்டிலில் ஒரு பக்கத்து ஜன்னலை மட்டும் திறந்து, மற்றவற்றைச் சாத்தி, துணியை ஜன்னலோரம் விரித்துப் பாருங்கள். இழை ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன நிழல் விழும். அந்த நிழல்தான் பார்க்கிறவரின் விரல். எதிர்ப்பக்கம் ஆகலும் இருட்டாகப் போனால் ஒரு வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டுங்கள், வெளிச்சம் திரும்பி வரும். மற்றவர்கள் இதற்கு வெள்ளை ரெஜிபோம் அட்டை தேடுவார்கள். உங்கள் வீட்டில் வெள்ளைத் துணிக்குக் குறைவிருக்காது.

உள்ளே எடுக்கும்போது ரியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் ரியூப் லைட்டும் மலிவு எல்ஈடி பல்பும் விநாடிக்கு 100 தடவை மங்கி ஒளிரும். கண்ணுக்குத் தெரியாது, விநாடிக்கு 30 பிரேமில் எடுக்கிற போனுக்குத் தெரியும். கறுப்புப் பட்டை பட்டையாகப் படத்தில் ஓடும். அணைக்கவே முடியாத இடமென்றால், போனில் புரோ மோட் இருந்தால் ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வையுங்கள், பட்டை போய்விடும்.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நான் அடிபட்டிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் மட்டக்களப்பில் ஒரு புடவைக் கடைக்கு வீடியோ எடுத்தேன். அரக்கு நிறச் சேலை. கடைக்குள் ரியூப் லைட், வாசல் பக்கம் பகல் வெளிச்சம். இரண்டும் கலக்கிற இடத்தில் சேலை உடுத்த பிள்ளையை நிறுத்தினேன். வீடியோவில் அரக்கு தக்காளிச் சிவப்பாக வந்தது. பார்க்க வடிவாக இருந்ததால் நானும் விட்டுவிட்டேன். ஏழு பேர் ஓடர் கொடுத்தார்கள், நாலு பேர் திருப்பி அனுப்பினார்கள். “படத்தில் பார்த்த சேலை இதில்லையே” என்று அதில் ஒரு அம்மா எழுதியிருந்தார். அவர் கேட்டது நியாயம். கடைக்காரர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆனால் தபால் செலவு அவர் தலையில்தான் விழுந்தது. அன்றிலிருந்து எடுத்த துணியைப் போனுக்குப் பக்கத்தில், பகல் வெளிச்சத்தில் வைத்து ஒப்பிடாமல் நான் எதையும் அனுப்புவதில்லை.

போன் நிறத்தைத் தானாகவே சரிபண்ணப் பார்க்கும். திரை முழுக்கச் சிவப்புச் சேலை நிரம்பினால், வெளிச்சமே சிவப்பாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு நிறத்தைத் தணித்துவிடும். அதனால் திரையில் எப்போதும் வேறொன்றும் தெரியட்டும்: ஒரு கை, ஒரு வெள்ளைத் துணி. கை மிக நல்லது. மனிதத் தோலின் நிறம் எல்லாருக்கும் தெரியும், கை சரியாக இருந்தால் சேலையின் நிறத்தையும் நம்புவார்கள். புரோ மோட் இருந்தால் வைட் பேலன்ஸைப் பகல் வெளிச்சத்துக்கு, 5500 கெல்வின் அளவில் பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் திரையில் விரலை அழுத்திப் பிடித்து போகஸையும் வெளிச்சத்தையுமாவது பூட்டுங்கள். பில்டர் எதுவும் வேண்டாம். எடிட்டிங்கில் நிறத்தைக் கூட்டிக் காட்டுவது பொய் சொல்லி விற்பதற்குச் சமம்.

சாறன் எடுக்கும்போது இன்னொரு தொல்லை வரும். நெருக்கமான கட்டமும் கோடும் வீடியோவில் நெளிகிற மாதிரி, அலை ஓடுகிற மாதிரித் தெரியும். கமராவுக்குள்ளும் புள்ளிகள் வரிசை வரிசையாகத்தான் இருக்கின்றன. துணியின் வரிசையும் அந்த வரிசையும் முட்டும்போது இல்லாத ஒரு கோலம் தோன்றுகிறது. அப்படி வந்தால் ஒரு அடி கிட்டப் போங்கள், அல்லது துணியைக் கொஞ்சம் சரித்துப் பிடியுங்கள். சூம் பண்ணாதீர்கள், கூடத்தான் செய்யும்.

அப்புறம் தறி. வெளியூர் ஆட்களில் எத்தனையோ பேர் தறி ஓடுவதை வாழ்க்கையில் நேரில் பார்த்ததில்லை. குறுக்கு நூலைச் சுமந்துகொண்டு நாடா இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் பாய்வதும், சீப்பு மாதிரியான அச்சு வந்து இழையை அடித்துச் சேர்ப்பதும், கால் மிதியை மாற்றுவதும் எனக்கு எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காத காட்சி. போனை அசைக்காமல் ஒவ்வொன்றையும் 10 விநாடி எடுங்கள். அசைவைத் தறி பார்த்துக்கொள்ளும், நீங்கள் அசையத் தேவையில்லை. மேலிருந்து எடுக்க கொட்டிலின் கூரை வளைமரத்தில் போனைத் துணிப் பட்டியால் இறுக்கிக் கட்டித் தொங்கவிடலாம். தறிச் சட்டத்தில் மட்டும் கட்டாதீர்கள். ஒவ்வொரு அடிக்கும் படம் குலுங்கும். மெதுவாக ஓடுகிற காட்சி வேண்டுமென்றால் காலை 8, 9 மணிக்கு கதவை அகலத் திறந்து எடுங்கள். அதற்கு வெளிச்சம் நிறைய வேண்டும், மின் வெளிச்சத்தில் எடுத்தால் மினுங்கி மினுங்கித்தான் வரும்.

கைத்தறி என்று காட்ட நீங்கள் பேசவே வேண்டாம். நெய்யும்போது துணியை அகலத்துக்கு இழுத்துப் பிடிக்கிற முள்குச்சி, இரண்டு ஓரத்திலும் ஊசிமுனை அளவில் துளை விட்டுப் போகும் அல்லவா? அந்த ஓரத்தைக் கிட்டக் காட்டுங்கள். ஒரு விரல் அந்தத் துளைகளைத் தொட்டுக்கொண்டே நகரட்டும். உடனே தறியில் அந்தக் குச்சி குத்தி நிற்கிற காட்சிக்கு வாருங்கள். 15 விநாடிதான். விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று விற்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

காசு செலவழிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டென்றால் அது சத்தம். படம் கொஞ்சம் மங்கினாலும் ஆட்கள் பார்ப்பார்கள், சத்தம் இரைந்தால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். சட்டையில் குத்துகிற சின்ன மைக் ஒன்று வாங்குங்கள். ஆறு தறியும் ஓடும்போது நடுவில் நின்று கதைக்க வேண்டாம், ஒன்றும் விளங்காது. தறிச் சத்தத்தைத் தனியாக, ஒரே ஒரு தறியை ஓடவிட்டு, ஒரு நிமிடம் கிட்ட வைத்துப் பதியுங்கள். அந்தத் தாளமே உங்கள் பின்னணி இசை. சினிமாப் பாட்டு போடவே போடாதீர்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இங்கே நடைமுறையில் இருக்கிறது. அதுபோக, பேஸ்புக் தானே கண்டுபிடித்துச் சத்தத்தை அணைத்தும் விடும். தறிச் சத்தத்துக்கு யாரும் உரிமை கேட்டு வரமாட்டார்கள்.

குரலைப் பதிய துணி அடுக்கி வைத்திருக்கிற அறைக்குப் போங்கள். சுவரெல்லாம் துணியாக இருந்தால் எதிரொலி இருக்காது. காசு கொடுத்து எடுக்கிற பதிவறைகளில் செய்து வைத்திருப்பதும் இந்த வேலைதான். மின்விசிறியை நிறுத்துங்கள், குளிர்சாதனப் பெட்டி பக்கத்தில் இருந்தால் அதையும். பாங்கு நேரத்தையும், பாண் ஓட்டோ பாட்டோடு வருகிற நேரத்தையும் ராத்தா கணக்கு வைத்துக்கொள்ளட்டும். வெளியே, கடற்கரையில் கதைக்க ஆசைப்படாதீர்கள். கச்சான் காற்று தொடங்கிவிட்டால் எந்த மைக்கும் தாங்காது.

யார் கதைப்பது? வாப்பா. எழுதிக் கொடுத்து வாசிக்க வைக்காதீர்கள், வாசித்தால் அவருடைய குரல் போய்விடும். கமராவை வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்து ராத்தா கேட்கட்டும்: “வாப்பா, இந்தச் சாறனுக்குப் பாவு ஓட்ட எவ்வளவு நேரம் போகும்?” மகளுக்குச் சொல்கிற மாதிரி அவர் சொல்லுவார். அதில் இரண்டு வசனம் உங்களுக்குக் காணும். மருதமுனைப் பேச்சு அப்படியே இருக்கட்டும், திருத்த வேண்டாம்.

பெண்கள் நெய்கிற இடத்தில் போன் ராத்தாவின் கையில்தான் இருக்க வேண்டும். முன்கூட்டியே ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். முகம் வேண்டாம் என்றால் கைகளை எடுங்கள், அதிலே குறை ஒன்றும் இல்லை. இந்த வேலையில் கைகள்தான் கதை. எடுத்ததை அவர்களுக்குப் போட்டுக் காட்டி, சரி என்ற பிறகே வெளியில் விடுங்கள். இன்னொன்று: நெசவாளருக்குத் துண்டுக்குத்தானே கூலி? நீங்கள் படம் எடுக்கத் தறியை நிறுத்தும் ஒவ்வொரு மணியும் அவர்கள் வருமானத்தில் குறைகிறது. அந்தக் கூலியை உங்கள் பட்ஜெட்டில் முதலில் எழுதுங்கள், மைக்குக்கும் முதல்.

உடுத்துக் காட்டுகிற காட்சியைக் காலையில் கடற்கரையில் எடுங்கள், ஆறரையிலிருந்து எட்டு மணிக்குள். எங்கள் கரையில் சூரியன் கடலிலிருந்து வருவதால் சேலை உடுத்தவர் கடலைப் பார்த்து நின்றால் வெளிச்சம் மிருதுவாக முகத்திலும் துணியிலும் விழும். நீங்கள் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்பீர்கள், படத்தில் கடல் வராது. பரவாயில்லை, தென்னையும் தோணியும் வரும். பத்து மணிக்குப் பிறகு வெளியில் எடுக்க வேண்டாம். சித்திரை நெருங்கினால் நண்பகல் வெயில் நேர் உச்சியில் நிற்கும், கண்ணுக்குக் கீழே கறுத்த நிழல் விழும். ஒரு துணியைச் சூரியனுக்கு எதிரே பிடித்து ஊடுருவிக் காட்டவும் இதே காலை வேளைதான் நல்லது.

தோய்க்கிற வீடியோவை உண்மையாக எடுங்கள். வாளியில் ஊறப்போட்டு, எடுத்து, அந்தத் தண்ணீரை ஒரு வெள்ளைக் கோப்பையில் ஊற்றிக் காட்டுங்கள். முதல் தோய்வில் கொஞ்சம் சாயம் இறங்குமென்றால் இறங்கும் என்றே சொல்லுங்கள், எப்படித் தோய்க்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். அப்படிச் சொன்னவரிடம்தான் நான் திரும்பவும் வாங்குவேன்.

எடிட்டிங் போனிலேயே செய்யலாம், கப்கட் போதும். நிமிர்ந்த அளவு, 9:16. முதல் இரண்டு விநாடியில் பெயர்ப் பலகையோ வணக்கமோ வேண்டாம், நாடா பாயட்டும் அல்லது கை துணியைக் கசக்கட்டும். பலர் சத்தத்தை அணைத்துவிட்டே பார்ப்பதால் எழுத்துப் போட வேண்டும். சில எழுத்துருக்களில் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கும், அதைக் கவனித்து மாற்றுங்கள். எழுத்தைத் திரையின் அடியில் போடாதீர்கள், அங்கேதான் பேஸ்புக்கின் பெயரும் பொத்தான்களும் வந்து மூடும். சிங்களத்திலும் ஒரு வரி போடுங்கள். அதை இயந்திர மொழிபெயர்ப்பிடம் விடாமல், சிங்களம் தாய்மொழியான ஒருவரிடம் காசு கொடுத்து எழுதி வாங்குங்கள். வாடிக்கையாளருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பும்போது எச்டி என்று தெரிவு செய்து அனுப்புங்கள். இல்லாவிட்டால் நீங்கள் பாடுபட்டு எடுத்த இழையெல்லாம் கலங்கிப் போகும்.

விலையை வீடியோவிலேயே எழுதுங்கள். “விலைக்கு இன்பொக்ஸ் வரவும்” என்று போடுகிற பழக்கத்தை நான் எத்தனையோ கடைகளிடம் விடச் சொல்லியிருக்கிறேன். கேட்கக் கூச்சப்படுகிறவர் கேட்காமலே போய்விடுவார். நீளம், அகலம், நூல் வகை, தபால் செலவு, எத்தனை நாளில் வந்து சேரும் என்பதும் இருக்கட்டும்.

உங்கள் 40,000 ரூபாயை நான் இப்படிப் பிரிப்பேன். நெசவாளர் கூலிக்கு 6,000. மைக்குக்கு 7,000க்கு மேல் போக வேண்டாம். போனை நிறுத்தி வைக்கிற முக்காலிக்கு 5,000. சிங்களம் எழுதுகிறவருக்கு 3,000. மெமரி கார்ட், சில்லறைச் செலவுக்கு 4,000. மிச்சம் 15,000ஐத் தொடாதீர்கள். முதல் மூன்று வாரம் வீடியோக்களைச் சும்மா போடுங்கள். லைக்கை எண்ணாமல், எந்த வீடியோவைப் பார்த்துவிட்டு ஆட்கள் விலை, அளவு கேட்டு எழுதுகிறார்கள் என்று ஒரு கொப்பியில் குறியுங்கள். அந்த ஒன்றுக்கு மட்டும் பேஸ்புக் விளம்பரமாகக் காசு கட்டுங்கள், கொஞ்சம் கொஞ்சமாக. நோன்பு தொடங்க முதல் இதெல்லாம் முடிந்திருக்க வேண்டும். பெருநாள் உடுப்புக்கு ஆட்கள் நோன்பின் முதல் பாதியிலேயே தேடத் தொடங்கிவிடுவார்கள்.

சுனாமிக் கதையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். 2004 டிசம்பர் 26 மருதமுனைக் கரையில் என்ன செய்தது என்று எனக்குத் தெரியும், நானும் இந்தக் கரையோரத்தில்தான் வளர்ந்தேன். அந்தக் கதையை எடுக்க வேண்டும், ஆனால் துணி விற்கிற வீடியோவுக்காக வேண்டாம். இரக்கப்பட்டு ஒரு சாறன் வாங்குகிறவர் அடுத்த சாறனுக்கு வரமாட்டார். துணி நன்றாக இருந்து வாங்கியவர் வருவார். வாப்பாவும் அவருடைய வயதுக்காரர்களும் இருக்கும்போதே, விளம்பரம் என்ற எண்ணமில்லாமல், எவ்வளவு நேரம் போனாலும் அவர்களைக் கதைக்க விட்டுப் பதிந்து வையுங்கள். மைக் வாங்குகிறீர்கள்தானே, அதையே பயன்படுத்தலாம். அது உங்கள் பிள்ளைகளுக்கு.

முதல் வீடியோ முடிந்ததும் பொதுவில் போட முன் எனக்கு அனுப்புங்கள். கூடவே அதே துணியில் ஒரு சாண் துண்டு வெட்டித் தபாலில் போடுங்கள். ஜன்னலோரம் வைத்து, நிறம் சரியா என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.